மீன் தொட்டி ஸ்டாண்டுக்குள் ஈரம் கட்டுகிறது, பூஞ்சை வாடை வருகிறது. ஃபேன் வைத்தால் சரியாகுமா?

வைக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் சம்ப்பை, அதாவது மீன் தொட்டித் தண்ணீர் இறங்கி வடிகட்டப்படுகிற கீழ்த்தொட்டியை, மூடுங்கள்.

நான் இருப்பது ரங்கூனில், தாம்வே பக்கம். மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. துவைத்துப் போட்ட கைலி இரண்டு நாளானாலும் காயாது. இப்படிப்பட்ட ஊரில் 200 லிட்டர் தொட்டிக்கு அடியில், எல்லாப் பக்கமும் அடைத்த பார்ட்டிகிள் போர்டு அலமாரிக்குள், திறந்த சம்ப்பை வைத்த புத்திசாலி நான். ஒரே மழைக்காலம்தான். கதவின் அடி விளிம்பு டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. பிளக்கின் பித்தளைக் காலில் பச்சை பூத்திருந்தது. ஆசாரி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தேக்கு விளையுற நாட்டுல அட்டையில அலமாரி செஞ்சியா தம்பி?" என்றார். தண்ணீர் மட்டுமே 200 கிலோ. நல்லவேளை, பாரத்தைத் தாங்கியது இரும்புச் சட்டம்.

அப்புறம் அக்ரிலிக் தகட்டை அளவாக வெட்டி, குழாய் நுழைகிற இடத்தில் மட்டும் விரலளவு இடைவெளி விட்டு, சம்ப்பின் மேல் வைத்தேன். மேலிருந்து இறங்கும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் அமுங்கும்படி நீட்டினேன், சாரல் நின்றது. உள்சுவர் வியர்ப்பது அந்த வாரமே குறைந்தது, தினமும் ஊற்றுகிற தண்ணீரும் குறைந்தது.

ஃபேன் அதற்குப் பிறகுதான். 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் போதும். பின்பலகையின் மேல் மூலையில், காற்றை வெளியே தள்ளும்படி மாட்டுங்கள். எதிர்ப்பக்கம் அடியில் காற்று நுழைய ஓட்டை வேண்டும். அது இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டியும் போடாதீர்கள்.

ஈரப்பதமானி வாங்கினால் 50 சதவீதம் காட்டவில்லையே என்று கவலைப்படாதீர்கள். மழைக்காலத்தில் வெளிக்காற்றே 80-ஐத் தாண்டி நிற்கும்போது, ஃபேன் அதைவிட உலர்ந்த காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? கூடத்தில் ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சரி. சிலிக்கா ஜெல் பொட்டலம் இங்கே இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும், வீண் செலவு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஸ்டாண்டுக்கு வெளியே, உயரத்தில் மாட்டுங்கள். ஒயர் பாக்ஸைவிடக் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். வழிகிற சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், அப்போது கதவைத் திறந்து விடுங்கள். எங்கள் பக்கம் அடிக்கடி போகிறதால் உப்பின கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரைத்துணி கட்டிவிட்டேன். பார்க்க அழகில்லை என்று வீட்டில் இன்னும் முணுமுணுப்பு ஓயவில்லை.