ஒன்றியம் என்றால் பிரிவினையா?

கேள்வி: மத்திய அரசு என்று சொல்லாமல் 'ஒன்றிய அரசு' என்று சொல்வதிலேயே பிரிவினை வாடை வீசுகிறது. பிரிவினைத் தடைச் சட்டம் இருக்கும் நாட்டில், மாநில உரிமை என்று முழங்குகிறவர்களை ஏன் இன்னும் உள்ளே தள்ளவில்லை?

பதில்: அந்தச் சொல்லின் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அரசமைப்பு நிர்ணய அவையில் முன்வைத்த அம்பேத்கர், 'யூனியன்' என்ற சொல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் சொன்னார். மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சேர்ந்ததால் உருவான கூட்டாட்சி அல்ல இது. எனவே விலகிப் போகும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை. அழிக்க முடியாதது என்பதால்தான் யூனியன். பிரிவினைக்குக் கதவடைத்த அந்தச் சொல்லின் தமிழ்தான் ஒன்றியம்.

அவரே 1949 நவம்பர் 25 அன்று, சட்டமியற்றும் அதிகாரத்திலும் நிர்வாக அதிகாரத்திலும் மாநிலங்கள் மையத்தைச் சார்ந்தவை அல்ல, இவ்விஷயத்தில் இரண்டும் சமம் என்றார். முதல் பேச்சை ஏந்திக்கொண்டு இரண்டாம் பேச்சை மறைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் குறிப்பிடும் சட்டம் 1963ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம். நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாட்டின் பொருட்டுப் பேச்சுரிமையையும் கூடும் உரிமையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் கட்டுப்படுத்தலாம் என்றது அது. தேர்தலில் நிற்பவர் அவற்றைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. யாரையும் சிறையில் அடைக்கும் பிரிவு அதில் இல்லை.

அது யாரை மனத்தில் வைத்து வந்தது என்பதும் ஊரறிந்தது. 1962 மே மாதம் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசிய அண்ணா, அதே ஆண்டு சீனா படையெடுத்ததும் அக்கோரிக்கையை ஒத்திவைத்தார். 1963இல் தி.மு.க. அதை அடியோடு கைவிட்டது. கைவிட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் மறைக்காமல் சொன்னார். மொழி, நிதி, அதிகாரம் பற்றிய அந்தக் காரணங்கள் அதன்பின் தேர்தல் மேடைக்கும் சட்டமன்றத்துக்கும் வந்தன. மத்திய, மாநில உறவுகளை ஆராய 1969இல் தமிழ்நாடு அரசின் ராஜமன்னார் குழு அமைந்தது. 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. தனிநாடு கேட்ட கட்சி, பதினோரு ஆண்டுகளில் அரசமைப்புக்குள் நின்றபடி அதைத் திருத்தும்படி கேட்டது. இந்திய ஒற்றுமைக்கு இதைவிடப் பெரிய வெற்றி எது? அன்று உங்கள் யோசனைப்படி எல்லோரையும் சிறையில் அடைத்திருந்தால் அந்த வெற்றி வாய்த்திருக்குமா?

1994இல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தன் ஆட்சி கலைக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டாட்சி என்பது அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது, அதாவது திருத்தத்தாலும் அழிக்க முடியாதது என்றது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநர் மாளிகையில் ஏன் தூங்குகிறது என்று கேட்பவரும், வரிப் பங்கீடு நியாயமா என்று கேட்பவரும் அந்தக் கட்டமைப்புக்காகத்தான் வாதாடுகிறார்கள். அவர்களையும் நாட்டைப் பிளக்க நினைப்பவர்களையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள்.