நிகழ்ச்சி இரவல் மேசையில் முடியட்டும்: நூலக வாசிப்பு நிகழ்ச்சிகள் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலை நகரிலும் சுற்றுப்புறங்களிலும் வாசிப்பு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பொது நூலக வேலை தெரிந்த அங்கத்தவர் ஒருவர் தந்த பதில்கள்.

கேள்வி (உப்புவெளி, வாசகர் வட்டச் செயலாளர்): ஒவ்வொரு ஒக்டோபரும் தேசிய வாசிப்பு மாதத்துக்குப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி வைக்கிறோம். மண்டபம் நிறைகிறது. நவம்பரில் பார்த்தால் நூலகத்தில் அதே ஏழெட்டு முகம்தான். எங்கே பிழை சேர்?

பதில்: மண்டபத்துக்கும் இரவல் மேசைக்கும் நடுவில் பிழை. போட்டிக்கு வருகிற பிள்ளை யாரோ எழுதிக் கொடுத்த பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு வருகிறது. அதற்குப் புத்தகமே தேவைப்படவில்லை. பரிசை வாங்கி, படம் எடுத்து, வான் வண்டியில் ஏறிப் போய்விடும். நிகழ்ச்சி மேடையில் முடியாமல் இரவல் மேசையில் முடிய வேண்டும்.

முதல் தடை அங்கத்துவப் படிவம். பல சபைகளின் நூலகங்களில் பெற்றோர் கையொப்பத்தோடு பிணையாளியையோ கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையோ கேட்பார்கள். அன்று வந்த பிள்ளை அன்றே இதையெல்லாம் கொண்டுவராது. ஆகவே 10 நாளுக்கு முன்னரே படிவத்தைப் பாடசாலை வழியாக வீட்டுக்கு அனுப்புங்கள். 3 நாள் இருக்கும்போது திருப்பி வாங்கி, அட்டைகளை எழுதிப் பெயர் வரிசையில் அடுக்கி வையுங்கள். கூட்ட நாளில் பிள்ளைக்குத் தன் பெயர் எழுதின அட்டை கையில் கிடைக்க வேண்டும்.

40 பிள்ளைக்கு 60 புத்தகமாவது மேசையில் வேண்டும். 40 மட்டும் வைத்தால் கடைசியாக வரும் பிள்ளைக்கு யாருக்கும் வேண்டாத புத்தகம்தான் மிஞ்சும். முன்னட்டை தெரியப் பரப்புங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் சின்னப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். பதிவதற்கு இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவர் என்றால், பிள்ளைக்கு ஒரு நிமிடம் போட்டாலும் 40 நிமிட வரிசை. வெளியே வான்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியதும் பாதி வரிசை கலைந்துவிடும்.

உரைகளையும் வெட்டுங்கள். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஐந்தையும் கேட்டு முடித்த பிள்ளைக்குப் புத்தகம் தேடத் தெம்பு இருக்காது.

வந்தவர் தொகையை அடுத்த நாள் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். எத்தனை புத்தகம் போனது, 14 நாளில் எத்தனை திரும்பியது, திருப்பியவர்களில் எத்தனை பேர் இன்னொன்று எடுத்தார்கள் என்று எண்ணுங்கள். மூன்றாவது எண்தான் உண்மையைச் சொல்லும்.

அதே செயலாளர்: பிரதம விருந்தினரை விட ஏலாதே சேர்?

பதில்: விட வேண்டாம். மேடைக்குப் பதிலாக இரவல் மேசையில் இருத்துங்கள். முதல் பத்து அட்டையை அவர் கையால் கொடுக்கட்டும். படமும் அங்கேயே எடுக்கலாம்.

கேள்வி (தம்பலகாமம், முன்பள்ளி ஆசிரியை): நூலகத்தில் கதை வாசிப்பு செய்யக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகளை எடுக்கலாம்? பத்து நிமிடத்திலேயே குழப்படி தொடங்கிவிடுகிறது.

பதில்: ரீச்சர், 4 முதல் 6 வயது என்றால் 15 பிள்ளைகள், கூடினால் 20. சாதாரண அளவுப் படப் புத்தகத்தின் படம் மூன்றாவது வரிசைக்கு அப்பால் தெரியாது. படம் தெரியாத பிள்ளைதான் முதலில் குழப்படி செய்யும். 40 பேர் வந்தால் இரண்டு தடவையாக நடத்துங்கள்.

யன்னலுக்கு முதுகைக் காட்டி இருக்காதீர்கள். வெளிச்சம் பிள்ளைகளின் கண்ணில் அடிக்கும், புத்தகம் இருட்டாகத் தெரியும். நீங்கள் தாழ்ந்த கதிரையில், பிள்ளைகள் பாயில். புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடிக்காமல் தோளுக்குப் பக்கத்தில் பிடித்து, பக்கம் திருப்பியதும் மூன்று நான்கு செக்கன் பேசாமல் இருங்கள். அந்த நேரத்தில் அவர்கள் படத்தை வாசிக்கிறார்கள்.

மொத்தம் 30 நிமிடம் போதும்: ஒரு பாட்டு, கதை, கை கால் அசைக்கிற விளையாட்டு ஒன்று, பிறகு அதே கதை இரண்டாம் தரம். இரண்டாம் தரம் அவர்களே வசனத்தை முந்திக்கொண்டு சொல்வார்கள். அதை மறிக்க வேண்டாம். முடிவில் "இந்தக் கதையில் என்ன படித்தோம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு கதை பாடமாகிவிடும்.

கேள்வி (நகரம், பெற்றோர்): எந்த நாள், எந்த நேரம் நல்லது? சனிக்கிழமை வைத்தால் எல்லாரும் ரியூஷனில் நிற்கிறார்கள்.

பதில்: பக்கத்து ரியூஷன் நிலையங்களின் நேரசூசியை முதலில் வாங்குங்கள். இரண்டு வகுப்புக்கு நடுவில் சும்மா நிற்கிற முக்கால் மணித்தியாலம் எங்காவது இருக்கும். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, வெள்ளி நண்பகல் ஜும்ஆ, போயா விடுமுறை. இவற்றை விட்டால் கிழமை நாளில் பாடசாலை விட்டு, சாப்பிட்டு வந்த பிறகு 3.30 நல்லது.

இன்னொரு சங்கதி, ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு எங்களுக்கு மாரி. வாசிப்பு மாதம் என்பதற்காகக் கடற்கரையில் பந்தல் போட்டால் பின்னேரம் இடியும் மழையும் வந்து முடித்து வைக்கும். வெளி நிகழ்ச்சிகளை ஜூன், ஜூலையில் வையுங்கள். அப்போது கச்சான் காற்று அடிக்கும். பனருக்கு நடுவில் நான்கு ஓட்டை வெட்டாவிட்டால் கயிறு அறும். தாள் எல்லாவற்றுக்கும் பாரம் வேண்டும். (தின்கிற கச்சானைப் புத்தக மேசைக்குக் கிட்ட விற்க விடாதீர்கள். உப்பும் தோலும் பக்கங்களுக்குள் போய்விடும்.)

கேள்வி (கிண்ணியா, இளைஞர் கழகம்): புத்தகப் பரிமாற்றம் வைத்தோம். வந்ததில் பெரும்பகுதி பழைய பாடநூலும் கடந்தகால வினாத்தாளும். என்ன செய்யலாம்?

பதில்: வாசலில் பார்த்து வாங்காததன் விளைவு. பரிமாற்ற நாளில் வாங்காமல் அதற்கு முந்திய கிழமை வாங்குங்கள். அரச பாடநூல், வினாத்தாள், பழைய டயறி எடுக்கமாட்டோம் என்று துண்டுப் பிரசுரத்திலேயே போடுங்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு ரோக்கன், சிறுவர் நூலுக்கு ஒரு நிறம், பெரியவர் நூலுக்கு வேறு நிறம். நிறம் பிரிக்காவிட்டால் மெல்லிய சிறுவர் நூலைக் கொடுத்துத் தடித்த நாவலை எடுப்பார்கள்; சிறுவர் நூலைக் கொண்டுவந்த பிள்ளை வெறுங்கையோடு போகும்.

பூச்சி அரித்ததை மற்றதோடு சேர்க்க வேண்டாம். பொலித்தீன் பையில் காற்று போகாமல் கட்டி, ஆழ் உறைபெட்டியில் 2 கிழமை வையுங்கள்; வெளியே எடுத்த பின் ஒரு நாள் கழித்தே பையைத் திறவுங்கள், இல்லாவிட்டால் ஈரம் படியும். பூஞ்சணம் பிடித்ததை வாங்கவே வேண்டாம். கடற்காற்று ஈரத்தில் அது பக்கத்துப் புத்தகத்துக்கும் தாவும்.

கேள்வி (குச்சவெளி, சனசமூக நிலையம்): நூலகத்துக்குப் பஸ் எடுத்துப் போக ஆக்களால் முடியாது. நடமாடும் நூலக வாகனமும் இல்லை. வழி உண்டா?

பதில்: வாகனம் இல்லாவிட்டால் பெட்டி. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் 40 புத்தகம். 12 கிலோ அளவில் வரும், ஒருவர் தூக்கி ஓட்டோவில் வைக்கலாம். மூடி இல்லாத பெட்டி மாரிக்கு உதவாது. 20 சிறுவர் நூல், 8 கதையும் நாவலும், 6 சமையல், தையல், தோட்டம், 4 உடல்நலம், 2 தொழில் சம்பந்தமானவை என்று தொடங்குங்கள். மீன்பிடி ஊர் என்றால் இயந்திரத் திருத்தம், வானிலை பற்றியவை முதலில் போகும்.

நூலகர் பெட்டியை நிலையத்தின் பெயரில் மொத்தமாக இரவல் தர வேண்டும். பேசும்போது இதைத்தான் கேளுங்கள், தனித்தனி அங்கத்துவம் கேட்டால் வேலை நடக்காது. நிலையத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி: திகதி, நூல் இலக்கம், எடுத்தவர், திருப்பிய திகதி, அவ்வளவுதான். 30 நாளுக்கு ஒரு தரம் பெட்டி மாற வேண்டும். மாறாத பெட்டியை இரண்டாம் மாதம் ஒருவரும் திறக்கமாட்டார்கள்.

காணாமல் போவதைப் பற்றி முதல் நாளே நூலகரோடு பேசி எழுத்தில் வையுங்கள். இந்தப் பயத்தில்தான் பல பெட்டிகள் பூட்டோடு கிடக்கின்றன. பெட்டிக்கு இரண்டு மூன்று புத்தகம் குறைந்தால் பதிவேட்டிலிருந்து நீக்க அனுமதி இருக்கட்டும். தண்டம் போட்டால் புத்தகமும் வராது, ஆளும் வராது.

கேள்வி (மூதூர், பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர்): எழுத்தாளர் சந்திப்புக்குப் பிள்ளைகள் வந்து வெறுமனே இருக்கிறார்கள். ஒரு கேள்வியும் வராது.

பதில்: வாசிக்காதவரிடமிருந்து கேள்வி எப்படி வரும்? எழுத்தாளரின் அனுமதியோடு ஒரே ஒரு சிறுகதையைப் போட்டோகொப்பி எடுத்து, இரண்டு கிழமைக்கு முன் கொடுங்கள். ஆளுக்கு ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வாங்குங்கள். 25 பேர், வட்டமாகக் கதிரை, மைக் வேண்டாம்.

உயிரோடு உள்ளவர்தான் வேண்டும் என்றில்லை. உங்கள் மூதூர்க்காரர் வ. அ. இராசரத்தினம், கவிஞர் பிரமிள் 1939இல் திருகோணமலையில் பிறந்தவர், 1895இல் 'மோகனாங்கி' நாவலை வெளியிட்ட சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலைக்காரர்தான். பிரதி கிடைக்காவிட்டால் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் இணையத் திரட்டில் ஈழத்து நூல்கள் பல உண்டு, தேடிப் பாருங்கள். கதையில் வருகிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அங்கேயே இரண்டு பக்கம் வாசியுங்கள்.

கேள்வி (நகரம், தொண்டர்): தமிழ், சிங்களப் பிள்ளைகள் கலந்து வந்தால் எந்த மொழியில் வாசிப்பது?

பதில்: வசனத்துக்கு வசனம் மொழிபெயர்க்க வேண்டாம், இரண்டு பக்கமும் கதை அறுந்துபோகும். முழுக் கதையை ஒரு மொழியில், பிறகு முழுவதும் மற்றதில். அடுத்த முறை வரிசையை மாற்றுங்கள். சொல்லே இல்லாத படப் புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி (நிலாவெளி, தாய்): விடுமுறை வாசிப்பு அட்டையில் மகன் வாசிக்காமலே புத்தகப் பெயர்களை நிரப்பிவிட்டான்.

பதில்: எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் அப்படித்தான் நடக்கும் தங்கச்சி. அட்டையில் 6 கட்டம் போடச் சொல்லுங்கள்: ஒரு நாட்டார் கதை, மிருகம் பற்றிய ஒன்று, வீட்டில் பெரியவருக்கு வாசித்துக் காட்டிய ஒன்று என்று. சுருக்கம் எழுதச் சொல்ல வேண்டாம். திருப்பித் தரும்போது மேசையில் இருப்பவர், "இதில் உனக்குப் பிடிக்காத ஆள் யார்?" என்று கேட்டால் போதும். வாசித்த பிள்ளை உடனே சொல்லும். வாசிக்காத பிள்ளை முழிக்கும். அப்போது ஏசாமல், கட்டத்தில் முத்திரை குத்தாமல், அதே புத்தகத்தை இன்னொரு கிழமைக்குப் புதுப்பித்துக் கொடுக்கட்டும்.