பழைய கிராமத்து மாளிகை, சீரமைத்த தோட்டம்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை (கேள்வி பதில்)

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் விற்பனைக்கு வரும் பழைய மாளிகைகளின் விளம்பரங்களில் "சீரமைக்கப்பட்ட வரலாற்றுத் தோட்டத்துடன்" என்ற வரி அடிக்கடி வருகிறது. அதைப் பற்றிப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் அப்படிப்பட்ட தோட்டங்களைச் சீரமைக்கும் வேலையில் இருப்பவள். கூரையும் சுவரும் எப்படி இருக்கிறது என்று சொல்ல சர்வேயர் வருவார். தோட்டத்தைப் பார்த்துச் சொல்ல யாரையும் அழைக்காமலே முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி (ரீடிங்): ஹாம்ப்‌ஷயரில் ஒரு வீடு பார்த்தோம். "ஜீகில் வடிவமைத்த தோட்டம், முழுமையாகச் சீரமைக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறார்கள். இதை எப்படிச் சரிபார்ப்பது?

காகிதத்தைக் கேளுங்கள். கெர்ட்ரூட் ஜீகில் (1843–1932) சுமார் 400 தோட்டங்களில் கைவைத்தவர். புது டெல்லியை வடிவமைத்த லட்யன்ஸுடன் பல வீடுகளில் சேர்ந்து வேலை செய்தவரும் அவர்தான். எந்தப் பாத்தியில் எந்தச் செடி, எத்தனை என்பது வரை வரைந்து கொடுப்பார். அந்த வரைபடங்களில் பெரும்பகுதி இப்போது கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கமே நல்ல உதாரணம் உண்டு. அப்டன் கிரே என்ற சிற்றூரின் மேனர் ஹவுஸுக்கு 1908-ல் ஜீகில் தோட்டம் போட்டுக் கொடுத்தார். பிறகு அது காடாகிப் போனது. 1980-களில் வீட்டை வாங்கிய தம்பதியர் பெர்க்லியிலிருந்து வரைபடங்களின் நகலை வரவழைத்து, பாத்தி பாத்தியாக அதே செடிகளைத் தேடி நட்டார்கள். சாமர்செட்டில் ஹெஸ்டர்கோம் தோட்டத்தை 1970-களில் மீட்டபோது, ஜீகிலின் நடவுப் படங்கள் அங்கேயே தோட்டக் கொட்டகையில் கிடைத்தன.

இப்படி ஏதாவது ஓர் ஆதாரத்தை விற்பவர் காட்ட வேண்டும். எந்தப் பாத்தி படத்தின்படி நட்டது, எது ஊகம், எந்தச் செடி கிடைக்காமல் மாற்றுச் செடி வைத்தார்கள் என்ற பதிவும் வேண்டும். அது இருந்தால் அது சீரமைப்பு. இல்லையென்றால் பழைய பாணியில் போட்ட புதுத் தோட்டம். அதுவும் அழகாக இருக்கலாம், ஆனால் அதற்கு வரலாற்றுத் தோட்டத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): காகிதமே இல்லாத தோட்டம் என்றால் கண்டுபிடிக்க வழியே இல்லையா அக்கா?

இருக்கிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பெரிய அளவு ஆர்டனன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். இங்கிலாந்து வரைபடங்களும் அதில் உண்டு. பாதை, குளம், கண்ணாடி வீடு, சில இடங்களில் தனி மரம்கூடக் குறித்திருப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

அப்புறம், கோடை வறட்சியில் ஒரு முறை போங்கள். புல்வெளிக்கு அடியில் பழைய பாதையின் சரளைக்கல் இருந்தால் அதன் மேலுள்ள புல் முதலில் காயும். பழைய பாத்தியின் ஆழமான மண் இருக்கும் இடம் பச்சையாகவே நிற்கும். 2018 கோடையில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தெற்குப் புல்வெளியில் 1699-ஆம் ஆண்டுத் தோட்டத்தின் வடிவம் முழுவதும் இப்படித்தான் தெரிந்தது. மண் அவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கும்.

கேள்வி (ஸ்லவ்): வீடு கிரேடு டூ லிஸ்ட் ஆனது. தோட்டத்தில் நமக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம்தானே? நீச்சல் குளம் ஒன்று யோசனையில் இருக்கிறது.

லிஸ்ட் என்பது சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியல், கிரேடு டூ அதில் ஒரு தரம். செடியை மாற்ற யாரும் தடுக்க மாட்டார்கள். கட்டுமானத்தில் கவனம் வேண்டும். லிஸ்ட் ஆன வீட்டின் வளாகத்துக்குள், 1948 ஜூலை 1-க்கு முன் கட்டிய மதில், படிக்கட்டு, கோடைக்கால மண்டபம் எல்லாம் பொதுவாக வீட்டோடு சேர்த்தே பாதுகாக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் இடிப்பது குற்றம், சிறைத் தண்டனைகூட உண்டு.

தோட்டத்துக்கென்று தனிப் பதிவேடும் இருக்கிறது, 1983-ல் தொடங்கியது. அதில் இடம்பெற்ற தோட்டம் என்றால், நீங்கள் திட்ட அனுமதி கேட்கும்போது, வரலாற்றுத் தோட்டங்களுக்கான அமைப்பான கார்டன்ஸ் டிரஸ்டின் கருத்தை உள்ளூர் கவுன்சில் கேட்டாக வேண்டும். நீச்சல் குளம் முடியவே முடியாது என்றில்லை. வீட்டின் முக்கியமான பார்வைக் கோட்டில் வைக்காதீர்கள். பழைய மதில் தோட்டத்தின் ஒரு மூலை, இடிந்த கண்ணாடி வீட்டின் இடம், இப்படி யோசித்தால் பேச வழி பிறக்கும்.

முன்னாள் உரிமையாளர் அனுமதியில்லாமல் ஏதாவது செய்திருந்தால் சரிசெய்யும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். லிஸ்ட் ஆன கட்டடத்தில் கவுன்சில் நடவடிக்கை எடுக்கக் காலக்கெடுவே கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதிக் கடிதம் எங்கே என்று உங்கள் சொலிசிட்டர் (வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) கேட்டாக வேண்டும்.

கேள்வி (பர்மிங்காம்): தோட்டத்தில் இருக்கும் சிலைகள், ஈயச் சாடிகள் எல்லாம் வீட்டோடு வருமா?

சண்டை வரும் இடமே இதுதான். டிஏ10 என்ற படிவத்தில், எதை விட்டுப்போகிறோம், எதை எடுத்துப்போகிறோம் என்று விற்பவர் எழுதுவார். தோட்டத்துப் பொருட்களுக்கும் அதில் இடம் உண்டு. "தோட்ட அலங்காரங்கள்" என்று மொத்தமாக எழுத விடாதீர்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எண் போட்டு இணைக்கச் சொல்லுங்கள்.

வார்விக்‌ஷயரில் ஐட்லிகோட் ஹவுஸ் என்ற வீட்டின் கதையைக் கேளுங்கள். அங்கே கல் பீடங்களின் மேல் 18-ஆம் நூற்றாண்டு ஈயச் சாடிகள் இரண்டு இருந்தன. வேறொரு மாளிகைக்காகச் செய்தவை, குடும்பத்தோடு இடம் மாறி மாறி 1973-ல் இங்கே வந்தவை. 1986-ல் அவற்றைத் தனியாகவே லிஸ்ட் செய்துவிட்டார்கள். அது தெரியாமல் உரிமையாளர் 2009-ல் அவற்றை ஏலத்தில் விற்றார், அவை வெளிநாடு போய்விட்டன. சில ஆண்டுகள் கழித்து, திரும்பக் கொண்டுவந்து வை என்று கவுன்சில் நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020-ல்தான், அந்தச் சாடிகள் சட்டப்படி "கட்டடம்" ஆகுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் விஷயத்தைத் திருப்பி அனுப்பியது. அளவு, நிரந்தரம், தரையோடு எவ்வளவு இணைந்திருக்கிறது என்ற மூன்றும் பார்க்கப்படும்.

ஆகவே வாங்கும் முன், வீட்டோடு தோட்டத்தில் உள்ளவையும் லிஸ்ட் ஆகியிருக்கிறதா என்று பட்டியலில் தேடுங்கள். அந்தப் பட்டியலை வைத்திருக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

கேள்வி (ஹாரோ): அக்கா, அம்மாவுக்கு மரக்கறித் தோட்டம் போட வேணும் எண்டு ஆசை. இப்பிடியான வீடுகளில மதில் கட்டின தோட்டம் இருக்குதாம். அதில கத்தரி, பயித்தங்காய் போடலாமோ? சட்டம் மறிக்குமோ?

தாராளமாகப் போடலாம், சட்டம் மறிக்காது. அந்த இடம் கட்டப்பட்டதே அதற்குத்தான். கார்ன்வாலில் ஹெலிகன் தோட்டத்தில், மக்கும் குதிரைச் சாணத்தின் சூட்டில் அன்னாசி விளைவித்த குழிகளை மீட்டு மறுபடியும் அன்னாசி பழுக்க வைத்தார்கள். அன்னாசி வந்த நாட்டில் கத்தரிக்காய் வராதா? கண்ணாடி வீட்டுக்குள் கத்தரியும் மிளகாயும் நன்றாக வரும். பயற்றங்காயும் உள்ளேயே கொடி ஏறட்டும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து, குளிர் தொடங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

அந்த மதிலை மட்டும் அருகில் போய்ப் பாருங்கள். தெற்கு நோக்கிய பக்கத்தில் செங்கல் இடுக்கெல்லாம் ஆணித் துளைகள் இருக்கும். பழமரக் கிளைகளைச் சுவரோடு சேர்த்துக் கட்ட அடித்தவை. சில இடங்களில் துருப்பிடித்த ஆணியே இன்னும் நிற்கும். பிறகு இணைப்பை விரலால் தொட்டுப் பாருங்கள். வெளிறிய, கொஞ்சம் மிருதுவான சுண்ணாம்புக் காரையாக இருந்தால் நல்லது. சாம்பல் நிறத்தில் கெட்டியான சிமென்ட் பூசியிருந்தால் கவலைப்பட வேண்டும். ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் செங்கலிலேயே தங்கி, பனியில் உறைந்து, செங்கலின் முகத்தைப் பெயர்த்துவிடும். மதிலடியில் சிவப்புச் செதில்கள் உதிர்ந்து கிடந்தால் அதுதான் அடையாளம். நீளமான மதிலைச் சுண்ணாம்பில் திரும்பப் பூசுவது பெரிய செலவு, பேரம் பேசும்போது சொல்லுங்கள். லிஸ்ட் ஆன கட்டடத்தில் அனுமதி பெற்ற மாற்ற வேலைகளுக்கு இருந்த வாட் விலக்கும் 2012 அக்டோபரில் போய்விட்டது.

கேள்வி (கோயம்புத்தூர்): இந்தியாவில் இருந்துகொண்டே வாங்க முடியுமா மேடம்? வரி எவ்வளவு வரும்?

வாங்கத் தடை இல்லை. 25 லட்சம் பவுண்டு வீடு என்று வையுங்கள். இங்கேயே வசிப்பவர், வேறு வீடு இல்லாதவர் என்றால் இப்போதைய விகிதப்படி முத்திரை வரி 2,13,750 பவுண்டு. உங்களுக்குச் சொந்த ஊரில் வீடு இருந்தால் அதையும் கணக்கில் எடுத்து 5 சதவீதம் கூடும், வெளிநாட்டில் வசிப்பதால் இன்னொரு 2 சதவீதம். மொத்தம் 3,88,750 ஆகிவிடும். இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பும் உண்டு, ஆடிட்டரிடம் முதலில் பேசுங்கள்.

தோட்டம் பெரிது, அதனால் குடியிருப்பு அல்லாத விகிதத்தில் குறைவாகக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டோடு சேர்ந்த தோட்டமும் நிலமும் எவ்வளவு பெரிதானாலும் குடியிருப்புதான் என்று 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி (குராய்டன்): பாக்ஸ் வேலி நிறைய இருக்கிறது. நோய் வரும் என்கிறார்களே?

வரும். பாக்ஸ் என்பது தாழ்வான வேலியாக வெட்டி வளர்க்கும் சிறு இலைச் செடி. வேலியை இரண்டு கையாலும் விலக்கி உள்ளே பாருங்கள். வெள்ளை நூலாம்படை, கருப்புத் தலையும் பச்சை உடம்புமாகப் புழு இருந்தால் பாக்ஸ் அந்துப்பூச்சி. இலை உதிர்ந்து, இளந்தண்டில் கருப்புக் கோடு ஓடினால் பூஞ்சை நோய். வெளியே பச்சையாக இருக்கும்போதே உள்ளே காலியாகியிருக்கும். வடிவம்தான் முக்கியம் என்றால் யூ என்ற ஊசியிலைச் செடியைச் சிறிதாக வெட்டி வளர்க்கலாம். நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

கேள்வி (லூட்டன்): ஏரி இருக்கிறது. அதில் ஏதாவது சிக்கல்?

கரை கட்டித் தேக்கிய ஏரியில், நிலமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றால் 1975 சட்டப்படி அது பெரிய நீர்த்தேக்கம். அதைப் பதிவு செய்வது கட்டாயம். ஆபத்து அதிகம் என்று வகைப்படுத்தியிருந்தால் பொறியாளர் மேற்பார்வையும் கட்டாயம். கரையில் பெரிய மரங்கள் நின்றாலும் விசாரியுங்கள்.

கேள்வி (ஸ்லவ், மறுபடியும்): எல்லாம் சரி, வாங்கிவிட்டோம் என்றால் முதல் வேலை என்ன?

தோட்டக்காரரைப் போக விடாதீர்கள். ஏற்கெனவே அங்கே வேலை செய்பவர் இருந்தால், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அவருடன் உட்கார்ந்து பேசி, சம்பளத்தை முடிவு செய்யுங்கள். சீரமைத்து முடித்த தோட்டம் என்று ஒன்று கிடையாது. பூப்பாத்திச் செடிகளை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நட வேண்டும். யூ வேலியை ஆண்டுதோறும் கோடை முடிவில் வெட்ட வேண்டும். இரண்டு ஆண்டு விட்டால் பலமுள்ள செடி பலமில்லாததை விழுங்கி, வரைபடம் அழிந்துவிடும். முதல் உலகப் போருக்கு ஆட்கள் போனதும் ஹெலிகன் முட்புதரானது. தோட்டக்காரர்கள் சுவரில் எழுதி வைத்த பெயர்கள்தான் 1990-க்குப் பிறகு புதரை வெட்டியவர்களுக்குக் கிடைத்தன.

மாதச் செலவுக் கணக்கில் கூரை, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய், காப்பீட்டுக்கு முன்னால் தோட்டக்காரரின் சம்பளத்தை எழுதுங்கள். அது கட்டுப்படியாகவில்லை என்றால் சின்னத் தோட்டமுள்ள வீட்டைப் பாருங்கள்.

முதல் ஓராண்டு எதையும் பிடுங்க வேண்டாம். சாக்கடை, மழைநீர்க் குழாய், ஆபத்தான மரம் இவற்றை மட்டும் கவனித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒரே இடங்களில் நின்று படம் எடுங்கள். வெறும் மண் என்று நினைத்த இடத்தில் பிப்ரவரியில் ஸ்னோடிராப் வரும், மே மாதம் வேறொன்று வரும். அந்தப் படங்களையும் பழைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எங்கே கைவைப்பது என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள்.