சின்ன ஊரில் இருந்த பழைய ஹார்டுவேர் கடை பற்றி உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது?

கேள்வியைப் படித்ததுமே மூக்கில் ஏறியது வாசனைதான். கிரீஸ், சணல் கயிறு, டர்பன்டைன், ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பட்டி எல்லாம் கலந்த ஒன்று. கடை பூட்டியிருந்தாலும் அந்தப் பக்கம் போகும்போது தெரியும்.

அப்புறம் "எதுக்கு?" என்ற கேள்வி. அந்தக் கடைப் பெரியவர், கேட்ட பொருளை அப்படியே எடுத்துக் கொடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. குழாய் ஒழுகுகிறது, புதுசு வாங்கி வா என்று அப்பா அனுப்பினார். "தண்ணி விழுற வாயிலயா ஒழுகுது, கைப்பிடிக்கிட்டயா தம்பி?" என்றார். வாயில் என்றேன். ஒரே ஒரு வாஷரை உள்ளங்கையில் வைத்து, "இதை மாத்தச் சொல்லு, அப்பவும் ஒழுகினா வா" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் ஒழுகவில்லை. இப்படி வியாபாரம் செய்து எப்படிக் கடை நடத்தினாரோ!

இன்னொரு முறை, மேசைக் காலின் போல்ட்டைக் கொண்டுபோய், "கால் இஞ்ச் நட்டு ஒண்ணு" என்று பெரிய மனுஷன் மாதிரி கேட்டேன். ஒரு நட்டை எடுத்து விரலால் திருகினார். ஒன்றிரண்டு சுற்று ஏறி, நின்றுவிட்டது. "விட்வொர்த் ஏறாது, இது மில்லிமீட்டர் மரை" என்று வேறொரு இழுப்பறையைத் திறந்தார். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. பக்கத்தில் 6 மி.மீ. போல்ட்டை வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் விட்வொர்த் என்ற இஞ்ச் அளவு மரையில், கால் இஞ்ச் போல்ட்டில் ஒரு இஞ்சுக்கு 20 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.27 மி.மீ. சாதாரண 6 மி.மீ. போல்ட்டில் அது 1 மி.மீ.தான். அதனால்தான் பாதியில் இறுகுகிறது. விட்வொர்த் ஏதோ கம்பெனி பெயர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1841-இல் மரைக்குப் பொது அளவு வகுத்தார், அதற்கு முன் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு என்று பிற்பாடுதான் படித்தேன்.

அந்த இழுப்பறைகளைச் சொல்ல வேண்டும். சுவர் முழுக்க மரத்தில். எழுத்து எதுவும் கிடையாது. உள்ளே இருப்பதில் ஒன்றை வெளியே முகப்பில் அடித்து வைத்திருப்பார். கீல் என்றால் கீல், கொக்கி என்றால் கொக்கி. ஆணி எடைக்கு, திருகாணி எண்ணிக்கைக்கு, சங்கிலி நீளத்துக்கு. ஆணிப் பெட்டிக்குள் கையை விட்டால் அதட்டுவார். அவர் திரும்பியதும் மறுபடி விடுவேன்.

எல்லாமே இனிமை என்று சொல்ல மாட்டேன். தச்சரோ கொத்தனாரோ வந்துவிட்டால் சிறுவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். எந்தப் பொருளிலும் விலை எழுதியிருக்காது, அவர் சொன்னதுதான் விலை.

இப்போது 3 திருகாணி வேண்டுமென்றால் 25 இருக்கும் பாக்கெட்டை வாங்குகிறேன். மிச்சம் எல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்கிறது, நட்டு உட்பட. ஏதாவது கழன்றால் டப்பாவைத் தரையில் கொட்டிவிட்டு ஒவ்வொரு நட்டாக விரலால் திருகிப் பார்ப்பேன். ஒன்றிரண்டு சுற்றில் நின்றால் ஓரமாக வைத்துவிட்டு அடுத்தது.