கடிதத்தில் இருப்பது ரெஸ்யூமேயில் எங்கே?

கேள்வி: ஐந்து ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போய் ஏழு மாதமாகிறது. அறுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் இன்டர்வியூவுக்கு அழைத்தவர்கள் இரண்டே பேர். மாதக் கணக்கை முடிக்க 9 நாள் ஆனதை 4 நாளாகக் குறைத்தவள் நான். எனக்கே இந்த நிலை என்றால் மனம் விட்டுப்போகிறது. ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். எதை மாற்ற வேண்டும்?

– ஒரு வாசகி

பதில்: உங்கள் ரெஸ்யூமேயை இரண்டு முறை படித்தேன். அந்த 9 நாள், 4 நாள் விஷயம் அதில் எங்குமே இல்லை. ‘மாதக் கணக்கு முடிப்புப் பணிகளைக் கவனித்தேன்’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. உங்கள் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதே வரியை எழுதியிருக்கலாமே! எனக்கு எழுதத் தோன்றியதை வேலை தருபவருக்கு ஏன் எழுதவில்லை? பெருமையடிப்பதாக நினைப்பார்களோ என்ற தயக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தத் தயக்கத்தை விடுங்கள். என்ன செய்து குறைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உதாரணமாக, ‘வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் வாராவாரம் முடித்ததால், 9 நாள் வேலை 4 நாளில் முடிந்தது.’ வழி என் ஊகம்தான். நீங்கள் உண்மையில் செய்ததை எழுதுங்கள். எண்களைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். இன்டர்வியூவில் அடுத்த கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

அறுபது இடங்களுக்கும் போனது இதே ரெஸ்யூமேதான் என்று தெரிகிறது. இதுதான் பெரிய பிரச்சினை. லியோனார்டோ டா வின்சி 1480களின் தொடக்கத்தில் மிலான் ஆட்சியாளரிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவிகள் என்றுதான் அடுக்கினார். ஓவியத்தைக் கடைசியில்தான் தொட்டார். போர் மூண்டபடி இருந்த காலத்தில் அந்த ஆட்சியாளருக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் ஒவ்வொரு விளம்பரத்திலும் முதல் நான்கைந்து தேவைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு நேரான உங்கள் அனுபவத்தை முதல் பக்கத்தின் மேல்பாதிக்குக் கொண்டுவாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் அதே சொற்கள் உங்களுக்குப் பொருந்தினால் அவற்றையே பயன்படுத்துங்கள். பல நிறுவனங்களில் ரெஸ்யூமே முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகிறது. தேர்வு செய்பவர்கள் அதில் சொற்களைக் கொடுத்துத் தேடுகிறார்கள்.

அதனால் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த வடிவம், திறமைகளைக் காட்டும் வட்டங்கள், கட்டங்கள் எல்லாம் போகட்டும். ரெஸ்யூமேயின் எழுத்துகளை முழுதாக நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குழம்பினால் மென்பொருளுக்கும் குழம்ப வாய்ப்பிருக்கிறது. ‘சவாலான பணிச்சூழலில் வளர விரும்புகிறேன்’ என்ற தொடக்கப் பத்தியையும் எடுத்துவிடலாம். இரண்டு பக்கம் தாராளம்.

ஏழு மாத இடைவெளியை மறைக்காதீர்கள். ஆட்குறைப்பு என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, இந்த மாதங்களில் கற்றுக்கொண்டதற்குப் பேச்சை நகர்த்துங்கள்.

விண்ணப்பம் மட்டுமே போதாது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பலருக்குத் தகவல் வந்தது நெருங்கிய நண்பர்களிடமிருந்து அல்ல, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்களிடமிருந்து என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். அதனால் உங்கள் கணக்குகளைத் தணிக்கை செய்ய வந்தவர், வேறு நிறுவனத்துக்கு மாறிப்போன சக ஊழியர் போன்றவர்களுக்கு நாலு வரி எழுதுங்கள். ‘வேலை வாங்கிக் கொடுங்கள்’ என்று கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். ‘உங்கள் பிரிவில் எந்த மாதிரி அனுபவத்தைத் தேடுகிறார்கள்?’ என்று கேட்டால் மனமுவந்து பேசுவார்கள்.

இன்டர்வியூவுக்குப் பதில்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வேலையிலிருந்து ஐந்தாறு சம்பவங்களை எடுத்து வையுங்கள்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது, தடுமாறும் இடம் சொல்லும்போதுதான் தெரியும். தவறு நடந்து நீங்கள் சரிசெய்த சம்பவம் ஒன்றும் அதில் இருக்கட்டும். கணக்கு வேலைக்கு அதைக் கட்டாயம் கேட்பார்கள்.

இந்த வாரம் புதிய விண்ணப்பம் எதையும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு உண்மையாகவே பொருந்தும் மூன்று விளம்பரங்களை எடுத்து, மூன்றுக்கும் தனித்தனி ரெஸ்யூமே தயார் செய்யுங்கள். முதலாவதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.