கடை விரித்தும் கேட்பாரில்லையா? ட்விட்டர் பற்றி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக எக்ஸ் தளத்தில் (எங்கள் வாயில் இன்னும் ட்விட்டர்தான்) தினம் ஒரு பதிவு போடுகிறேன். 'கலப்படமில்லாத நல்லெண்ணெய் எங்களிடம் கிடைக்கும்' என்று படத்தோடுதான் போடுகிறேன். 61 பேர் பின்தொடர்கிறார்கள், அதில் பாதி சொந்தக்காரர்கள். அதன் மூலம் ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. விட்டுவிடலாமா?
– விருதுநகர் வாசகர்

பதில்: விட வேண்டாம், போடுவதை மாற்றுங்கள். எட்டு மாதமாக நீங்கள் போட்டிருப்பது ஒரே பதிவுதான், தேதி மட்டும் மாறியிருக்கிறது. சுவரொட்டியை முதல் தடவை பார்ப்பார்கள், அடுத்த தடவை கண் தானாகத் தாண்டிப் போய்விடும். அன்றைக்கு நடந்த ஒரு காரியத்தைச் சொன்னால் நின்று படிப்பார்கள். இப்படிப் போட்டுப் பாருங்கள்:

"இன்று காலை 14 கிலோ எள் ஆட்டினோம். ஒரு கிலோ கருப்பட்டி சேர்த்தோம். ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய் கண்டது. மூன்று நாள் தெளிய வைத்து வெள்ளிக்கிழமை பாட்டிலில் அடைக்கிறோம்."

'சுத்தம்' என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் எள் என்ன விலை, எவ்வளவு எண்ணெய் கண்டது, ஒரு லிட்டர் ஏன் இந்த விலை என்று படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். கேள்விகளும் வரும். 'கருப்பட்டி எதற்கு?', 'புண்ணாக்கு தனியாகக் கொடுப்பீர்களா?', 'பாட்டில் அடியில் வண்டல் நிற்கிறதே, கெட்டுவிட்டதா?' இந்தக் கேள்விகளுக்காகத்தான் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அன்றைக்கே பதில் சொல்லுங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டால் அதன் பதிலைத் தனிப் பதிவாக எழுதி ப்ரொஃபைலின் தலையில் நிலையாக நிற்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள்.

தினம் அரை மணி நேரம் ஒதுக்க முடியுமென்றால், பத்து நிமிடம் உங்கள் பதிவுக்கு, இருபது நிமிடம் மற்றவர்களுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தேடலில் 'நல்லெண்ணெய்', 'செக்கு எண்ணெய்' என்று தமிழிலும், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழிலும் போட்டு, அண்மைப் பதிவுகள் பகுதியைப் பாருங்கள். 'வாங்கிய கடலை எண்ணெய் காறல் அடிக்கிறது' என்று யாராவது புலம்பியிருப்பார். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எண்ணெயைக் காற வைக்கும், அடுப்பு மேடையிலிருந்து எடுத்து இருட்டான அலமாரியில் வையுங்கள் என்று சொல்லுங்கள். உங்கள் கடை விலாசத்தை அங்கே ஒட்டாதீர்கள். பயனுள்ள பதிலைச் சொன்னது யார் என்று பார்க்க அவரே உங்கள் பக்கத்துக்கு வருவார்.

அப்படி வருகிறவருக்கு 160 எழுத்துக்குள் இருக்கும் அறிமுகக் குறிப்பில் ஊர், என்னென்ன எண்ணெய், கடை நேரம், கூரியர் உண்டா என்பது தெரிய வேண்டும். கூடவே வாட்ஸ்அப் பிசினஸ் இணைப்பு. ஒரு சின்னத் தவறையும் கவனியுங்கள்: பதிவின் முதல் எழுத்தே @ குறியாக இருந்தால் ட்விட்டர் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளும். உங்களையும் அந்த நபரையும் சேர்த்துப் பின்தொடர்கிறவர்களின் டைம்லைனில்தான் அது தெரியும். நல்ல பதிவுகள் பல இப்படி யார் கண்ணிலும் படாமல் போகின்றன. முன்னால் ஒரு சொல்லைப் போட்டால் போதும்.

லைக் கணக்கைப் பார்க்காதீர்கள். புதிதாக வாங்குகிற ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பற்றி எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டு பில் புத்தக ஓரத்தில் ட்விட்டர் என்றால் 'ட்', வாட்ஸ்அப் என்றால் 'வா' என்று குறித்து வையுங்கள். மூன்று மாதக் குறிப்பு உங்களுக்கு உண்மையைச் சொல்லும். உள்ளூர் விற்பனைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து வைப்பதும்தான் அதிகம் உதவும். ட்விட்டர் கொண்டுவருவது வெளியூர்க்காரர்களையும் மொத்தமாக வாங்கும் உணவகக்காரர்களையும். அதற்கு நாளாகும்.

ஒன்றை மட்டும் தொடவே தொடாதீர்கள்: 'இந்த எண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும்' என்ற ரகம். 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. உணவைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 280 எழுத்தில் எழுதினாலும் விளம்பரம் விளம்பரமே. அந்த இடத்தில் உங்கள் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண்ணைப் போடுங்கள், மதிப்பு கூடும்.

கேள்வி: தமிழில் எழுதினால் 280 எழுத்து சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே, ஏன்? ஹேஷ்டேக் போட்டாலும் யாரும் வருவதில்லை.
– கும்பகோணம் ஆசிரியை

பதில்: ட்விட்டர் எண்ணுவது நாம் எண்ணுகிற எழுத்தை அல்ல. உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, அதன் மேல் ஏறும் குறிக்கு ஒன்று என்று கணக்கு. புள்ளிக்கும் ஒன்று. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. ஆகவே 280 என்பது தமிழில் சுமார் 25 முதல் 30 சொல்தான். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 என்றே கணக்காகும். ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கையில் வரம்பு 300, ஆனால் அது நம்மைப் போலவே எண்ணுகிறது, 'தமிழ்' அங்கே மூன்றுதான். அதனால் அங்கே தமிழுக்கு இடம் மிக அதிகம். இன்ஸ்டாகிராம்காரர்களின் த்ரெட்ஸ் தளத்தில் 500.

இடம் மிச்சம் பிடிக்க வினைமுற்றைக் கவனியுங்கள். 'செய்து கொண்டிருக்கிறோம்' 23 இடம் தின்னும், 'செய்கிறோம்' பத்து. பொருளில் பெரும்பாலும் ஒன்றும் குறையாது. தொடர் பதிவாக எழுதினால் ஒவ்வொரு துண்டும் தனியாகப் படித்தாலும் புரிய வேண்டும், ஏனென்றால் மூன்றாவது துண்டை மட்டும்தான் யாராவது ரீட்வீட் செய்வார்.

ஹேஷ்டேக் பிரச்சினை தமிழுக்கே உரியது. வேற்றுமை உருபு ஒட்டியதும் அது வேறு ஹேஷ்டேக் ஆகிவிடும். #கும்பகோணம் என்று தேடுகிறவருக்கு #கும்பகோணத்தில் என்று நீங்கள் எழுதியது கிடைக்காது. வாக்கியத்தை இயல்பாக எழுதி முடித்து, கடைசியில் உருபு ஒட்டாத பெயரை ஒன்றோ இரண்டோ வையுங்கள். நடுவில் இடைவெளியோ சிறுகோடோ வந்தால் அங்கேயே அறுந்துவிடும், அடிக்கோடு போடலாம்.

கேள்வி: கல்யாணப் பந்திக்குச் சமையல் எடுத்துச் செய்கிறோம். சாம்பார் புளித்துவிட்டது என்று ஒருவர் படத்தோடு போட்டு எங்கள் கணக்கையும் இணைத்துவிட்டார். பிளாக் செய்யலாமா?
– சேலம் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. 2024 நவம்பரிலிருந்து ட்விட்டரில் நீங்கள் பிளாக் செய்த நபரும் உங்கள் பொதுப் பதிவுகளைப் படிக்கலாம். அவர் எழுதியதும் அப்படியேதான் இருக்கும். நீங்கள் ஓடிவிட்டீர்கள் என்ற ஒரு படம் அதோடு சேரும், அவ்வளவுதான்.

ஓரிரு மணி நேரத்துக்குள், எல்லாரும் பார்க்கும்படி ஒரே ஒரு பதில்: "நேற்றைய இரண்டாம் பந்தி சாம்பார் பற்றிச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. வருந்துகிறோம். சமையல் பொறுப்பாளரிடம் விசாரிக்கிறோம். உங்கள் எண்ணை டி.எம்.மில் (தனிச் செய்தியில்) அனுப்பினால் இன்று மாலைக்குள் அழைக்கிறோம்." காரணம் தெரியாதபோது காரணம் சொல்லாதீர்கள். விசாரித்து, காலை ஆறு மணிக்கு இறக்கிய அண்டாவை மதியம் வரை அடுப்பில்லாமல் மூடி வைத்திருந்தது தெரியவந்தால், மறுபடி அதே இழையில் வந்து அதைச் சொல்லுங்கள்: இனி இரண்டாம் பந்திக்குத் தனியாகத் தாளித்து இறக்குவோம் என்று. உங்களை அடுத்து அழைக்கப் போகிறவர் படிப்பது அந்த இரண்டாவது பதிலைத்தான். பதிவை நீக்கினால்தான் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று பேரம் பேசவே கூடாது, அந்த உரையாடலும் படமாக வெளியே வரும். சொந்தக்காரர்களை விட்டு எதிர்ப் பதிவு போட வைப்பதும் அப்படியே திரும்பி அடிக்கும்.

கேள்வி: ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. வங்கியைக் குறிப்பிட்டு ட்விட்டரில் எழுதினேன். பத்தே நிமிடத்தில் 'வாடிக்கையாளர் சேவை' என்று நீல டிக் உள்ள கணக்கிலிருந்து ஒரு படிவ இணைப்பு வந்தது. நிரப்பலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: தொடாதீர்கள். வங்கிப் பெயரோடு புகார் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடிப்பதே இவர்கள் தொழில். நீல டிக் இப்போது காசு கொடுத்தால் கிடைப்பது, அடையாளச் சான்று அல்ல. அந்தக் கணக்கு எந்த மாதம் தொடங்கப்பட்டது என்று ப்ரொஃபைலில் பாருங்கள். வங்கியின் சொந்த வலைத்தளத்தில் கொடுத்திருக்கும் ட்விட்டர் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓ.டி.பி., கார்டு எண், திரையைப் பகிரும் செயலி, இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் திருடன்தான்.

முதலில் வங்கியிலேயே புகார் பதிந்து எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி இப்படிப்பட்ட பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வைத்து ட்விட்டரில் எழுதுங்கள்: தேதி, தொகை, ஏடிஎம் இருக்கும் பகுதி, புகார் எண், எத்தனை நாள் ஆயிற்று. கணக்கு எண்ணும் கைபேசி எண்ணும் பொதுவில் வரக் கூடாது. 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஒருவேளை படிவத்தை நிரப்பியிருந்தால் இந்த நிமிடமே கார்டை முடக்கிவிட்டு இணையக் குற்றப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள், தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

கேள்வி: கூ செயலியில் மூன்று வருடம் எழுதிச் சேர்த்த வாசகர்கள் எல்லாம் போய்விட்டார்கள். மறுபடி எங்கே தொடங்குவது?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: ட்விட்டருக்குப் போட்டியாக 2020-ல் வந்த இந்தியச் செயலி கூ 2024 ஜூலையில் மூடப்பட்டது. எந்தத் தளமும் வாடகை வீடுதான். உங்கள் வாசகர் அதிகம் எங்கே இருக்கிறார்களோ அங்கே ஒரு கணக்கை உயிரோடு வைத்திருங்கள், நான்கு தளங்களில் ஒரே பதிவை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அதோடு உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும்: விருப்பப்பட்டுத் தந்தவர்களின் மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் எண். ட்விட்டரில் அமைப்புகளுக்குள் 'உங்கள் கணக்கு' என்ற பகுதியில் பழைய பதிவுகள் முழுவதையும் இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கேட்ட பிறகு கோப்பு தயாராக ஒரு நாளாவது ஆகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேட்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: நான் எழுதவில்லை, பகிர்ந்தேன் அவ்வளவுதான் என்றால் தப்பிக்க முடியுமா?
– மதுரை வாசகர்

பதில்: முடியாது. ஒரு செய்தியை அனுப்புவது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் ஒரு முகநூல் பகிர்வு வழக்கில் சொல்லியிருக்கிறது. அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் குற்றம்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி புனே வந்து இரண்டு வருடம், வீட்டிலிருந்தே வேலை. தமிழில் பேச ஆளே இல்லை. மழை பார்ப்பதும் பால்கனியில் செடி வளர்ப்பதும் பிடிக்கும். ட்விட்டரில் சேர்ந்தால் நட்பு கிடைக்குமா?
– புனே வாசகி

பதில்: கிடைக்கும் சகோதரி, ஆனால் பெரிய கணக்குகளின் அடியில் பதில் எழுதிக் கிடைக்காது. ஐயாயிரம் பதில்களில் உங்களுடையது யார் கண்ணிலும் படாது. நூறு, இருநூறு பேர் பின்தொடரும் சிறிய கணக்குகளாகப் பாருங்கள். தக்காளி இலை சுருள்கிறது என்று ஒருவர் படம் போட்டிருப்பார். 'இலைக்கு அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா பாருங்கள்' என்று எழுதினால், அவர் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டாயம் பதில் சொல்வார். 'அருமை', 'சூப்பர்' என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்படிப் பேசிப் பழகியவர்கள் இருபது பேரை ஒரு தனிப்பட்ட பட்டியலில் சேர்த்து, தினம் அதை மட்டும் படியுங்கள். டைம்லைன் தள்ளிவிடும் சண்டைகள் அதில் வராது.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழை ஆர்வலர்கள் தங்கள் தெருவில் பெய்த மழையை மில்லிமீட்டரில் பதிவிடுவார்கள். முகம் பார்த்திராதவர்கள் ஒருவர் ஊர் மழைக்காக இன்னொருவர் விழித்திருக்கிற கூட்டம் அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ட்விட்டரில் சென்னை மக்கள் முன்பின் தெரியாதவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க முன்வந்ததைப் பலர் இன்னும் மறக்கவில்லை. நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேரலாம், கருவி வாங்கக்கூட வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமாக, பக்கம் நேராக, அடி தட்டையாக உள்ள ஒரு டப்பாவை மரமும் சன்ஷேடும் மறைக்காத மொட்டை மாடியில் வையுங்கள். தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மில்லிமீட்டர் மழை. வானிலைத் துறையின் கணக்கு காலை 8.30-லிருந்து மறுநாள் 8.30 வரை. நீங்களும் அதே நேரத்தில் அளந்து கொட்டிவிட்டால்தான் மற்றவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியும்.

பாதுகாப்புக்குச் சில: டி.எம்.மை நீங்கள் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள். பால்கனிப் படத்தில் எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகை விழாமல் பாருங்கள். ஊருக்குப் போவதைத் திரும்பி வந்த பிறகு எழுதுங்கள். நேரில் சந்திப்பதென்றால் முதல் தடவை நாலைந்து பேர் சேர்ந்து, பகலில், பொது இடத்தில்.

உங்கள் ஊருக்கு மழை ஐப்பசியில், புனேக்கு ஆடியில். ஆடியில் நீங்கள் அளந்து போடுங்கள், நாகையில் வெயிலில் காய்கிறவர்கள் வந்து கேட்பார்கள். ஐப்பசி பிறந்ததும் உங்கள் தெருவில் எவ்வளவு பெய்தது என்று நீங்கள் அவர்களிடம் கேட்கலாம்.