‘சமாளித்துக்கொள்வாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 11 வருடம் ஆகிறது. 2 பிள்ளைகள். முதல்முறையாக நானும் என் மனைவியும் மட்டும் 4 நாள் மலைக்குப் போகிறோம். பிள்ளைகளை என் அம்மா பார்த்துக்கொள்வார். மறக்க முடியாத பயணமாக இருக்க வேண்டும் என்று மனைவிக்குத் தெரியாமல் முழுத் திட்டமும் போட்டு வைத்திருக்கிறேன். போய் இறங்கியதும் படகு சவாரி, குதிரை சவாரி, இரவு கூடாரத்தில் தங்கி நெருப்பு மூட்டுவது. 2ஆம் நாள் விடியற்காலை 3.30க்குக் கிளம்பி 2,700 மீட்டர் உயர உச்சியில் சூரிய உதயம். 7 கிலோமீட்டர் பாதை, 900 மீட்டர் ஏற்றம். 2 மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று நண்பர் சொன்னார். உச்சியில் அவளுக்கு மோதிரம் போட்டு, ட்ரோனில் படம் எடுக்கப்போகிறேன். அப்புறம் அருவி, பாராகிளைடிங், ஜிப்லைன். ஏற்றம் ஏறினால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆனால் எதற்கும் குறை சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, சமாளித்துக்கொள்வாள். இந்தப் பயணத்தை இன்னும் காதலோடு ஆக்க வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: எதையும் சேர்க்க வேண்டாம். ‘சமாளித்துக்கொள்வாள்’ என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் கேட்ட கேள்வியை இரண்டாம் தடவைதான் படித்தேன்.

இந்த வார்த்தை எனக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டில் பெரியவர் படுக்கையில் விழுந்தால் அவள் சமாளித்துக்கொள்வாள். சம்பளம் நின்றால் சமாளித்துக்கொள்வாள். பிள்ளைக்குக் காய்ச்சல், கணவர் வெளியூரில், சமாளித்துக்கொள்வாள். எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை மனைவிக்குக் கொடுக்கும் பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். 11 வருடம் சமாளித்த ஒருவரை 4 நாள் வெளியே கூட்டிப்போகிறீர்கள். அங்கேயும் அவர் சமாளிக்க வேண்டும் என்றால் எதற்குப் போகிறீர்கள்?

முதலில் அந்த மூச்சு. எப்போதிலிருந்து வாங்குகிறது? வீட்டு மாடிப்படி ஏறினாலும் வாங்குகிறதா? நடந்துகொண்டே உங்களோடு அவரால் பேச முடிகிறதா, இல்லை பேச்சை நிறுத்திக்கொள்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்திருந்தால் ‘கொஞ்சம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்க மாட்டீர்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்குவது நடைப்பழக்கம் இல்லாததால் இருக்கலாம். இரத்தசோகையாலும் வரலாம், ஆஸ்துமாவாலும் வரலாம், இதயக் கோளாறாலும் வரலாம். பெண்கள் வருடக்கணக்கில் இரத்தசோகையோடு வேலை செய்துகொண்டே இருப்பார்கள். ‘களைப்பா இருக்கு’ என்பதைத் தாண்டி எதுவும் சொல்ல மாட்டார்கள். குறை சொல்லாத மனைவி கிடைத்தவருக்குப் பொறுப்பு இரட்டிப்பு என்பேன். அவர் சொல்லாததை நீங்கள்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நண்பர் சொன்ன 2 மணி நேரக் கணக்கும் தவறு. மலையேறுபவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் சொன்னது. சாதாரண நடையில் 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 7 கிலோமீட்டருக்கு 1 மணி 24 நிமிடம், 900 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம். ஆக, கிட்டத்தட்ட 3 மணி நேரம். அதுவும் நல்ல நடைப்பழக்கம் உள்ளவர், எங்கும் உட்காராமல், வெளிச்சத்தில் ஏறினால். நீங்கள் போவது இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், மூச்சு வாங்கும் ஒருவரோடு. 2,700 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். சமவெளியிலிருந்து வந்த மறுநாளே ஏறுகிறீர்கள், முந்தின இரவு கூடாரத்தில் சரியான தூக்கமும் இருக்காது. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் போனால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். நல்ல உடல்வாகு உள்ளவருக்கும் வரும். வந்தால் இறங்கிவிட வேண்டும். உங்கள் மனைவி ‘தலை வலிக்குது, இறங்கலாம்’ என்று சொல்வாரா? குறை சொல்ல மாட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நடக்கப்போவதை நானே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நடந்தது. கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் ஒரு மலைக்குப் போனோம். அவர் வேகமாக ஏறுவார், ஒரு திருப்பத்தில் கல்லில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார். நான் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்ததும், ‘வந்துட்டியா, போலாமா’ என்று எழுந்து நடக்க ஆரம்பிப்பார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு 10 நிமிட ஓய்வு, எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அக்கறையோடு காத்திருந்ததாகத்தான் அவர் கடைசிவரை நினைத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. உச்சியில் என்ன பார்த்தோம் என்பது எனக்கு நினைவில் இல்லை, அந்தக் கற்கள்தான் நினைவில் இருக்கின்றன.

அதனால் எங்கே நடந்தாலும் உங்கள் மனைவி முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள். அவர் நின்றால் நில்லுங்கள், அவர் கிளம்பும்போது கிளம்புங்கள். இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். தண்ணீரும் ஸ்வெட்டரும் இருக்கும் பையை நீங்கள் சுமங்கள். ‘எவ்வளவு தூரம் போயிருந்தாலும் இந்த நேரத்துக்குத் திரும்பிவிடுவோம்’ என்று கிளம்பும் முன்பே பேசிவையுங்கள். மலையில் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். அதற்குள் திறந்த உச்சியிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

இதில் காதல் எங்கே என்று கேட்பீர்கள். ஒருவர் மூச்சைக் கவனித்து இன்னொருவர் தன் காலடியை வைப்பதைவிட நெருக்கமான காரியம் எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்த மோதிரம். 900 மீட்டர் மேலே போனால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும், உச்சியில் காற்று வேறு அடிக்கும். ஏறும்போது வியர்த்து நனைந்த உடை, நின்ற சில நிமிடத்தில் முதுகில் ஒட்டிக்கொண்டு நடுக்கும். நடுங்கிக்கொண்டு நிற்பவர் தலைக்கு மேலே ட்ரோன் சத்தம், ‘இன்னொரு தடவை சிரி’ என்று நீங்கள். யாருக்காக இந்தப் படம்? அவருக்காக என்றால், வீட்டிலேயே ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து மோதிரத்தைப் போட்டுவிடலாம். மலையில்தான் போட வேண்டும் என்றால், ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மலையில் ஒரு காட்சி உண்டு. சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, கீழே மூடுபனி கிடந்தால், நம் நிழல் பனியின் மேல் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் நிழலும் தெரியலாம், ஆனால் வளையத்தை ஒவ்வொருவரும் தன் தலையைச் சுற்றித்தான் பார்ப்பார்கள். கிடைத்தால் இருவரும் சேர்ந்து பாருங்கள். உங்கள் திட்டத்தைப் படித்தபோது எனக்கு அந்த வளையம்தான் ஞாபகம் வந்தது.

சூரிய உதயம் வேண்டும் என்றால் 3.30க்கு எழுப்ப வேண்டியதில்லை. மேற்குப் பக்கம் உயரமான மலை தெரியும்படியான அறையைக் கேட்டு வாங்குங்கள். முதல் வெளிச்சம் எப்போதும் உச்சியில்தான் படும். சிகரத்தின் நுனி சிவந்து, அந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவில் இறங்கி வருவதைப் போர்வைக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அதற்கும் முன்னால், வானம் திறந்திருந்தால், மேற்கு அடிவானத்தில் கருநீலப் பட்டை ஒன்று தெரியும். அது பூமியின் நிழல். அதற்கு மேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. சூரியன் மேலே வர வர அந்த நிழல் கீழே இறங்கிக் கரைந்துவிடும். கீழே பள்ளத்தாக்கில் பனி தேங்கியிருக்கும், ஏனென்றால் இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து கீழே போய்ச் சேர்கிறது. மேலே இருப்பவருக்கு அது வெள்ளைக் கடல் மாதிரி இருக்கும். எழுந்திருக்க மனமில்லை என்றால் உங்கள் மனைவி தூங்கட்டும். 11 வருடத்தில் யாரும் எழுப்பாமல் எத்தனை காலை அவர் தூங்கியிருக்கிறார்? எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும்.

இரவுக்கு, நெருப்பைவிட நட்சத்திரம். நிலா இல்லாத நாட்களாகப் பார்த்துப் பயணத்தை வைத்திருந்தால் நல்லது. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருதரம் போனைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் இரண்டு போனையும் அறையில் வைத்துவிட்டு, தடிமனாக ஒரு விரிப்பும் போர்வையும் எடுத்துக்கொண்டு, விளக்கு இல்லாத பத்திரமான இடத்தில் படுத்துக்கொள்ளுங்கள். முதல் 10 நிமிடம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பேச ஒன்றும் இருக்காது போலத் தோன்றும். பொறுங்கள். பால்வீதி மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்போது உங்கள் மனைவி ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார். முகம் பார்க்காமல் இருட்டில் பேசும்போது பலருக்கு வாய் திறக்கும். அப்போது ‘அதுக்கு நீ என்ன பண்ணியிருக்கணும்னா’ என்று தொடங்காதீர்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள்.

பாராகிளைடிங், ஜிப்லைன், குதிரை எல்லாம் உங்கள் மனைவி ஆசைப்பட்டால் செய்யலாம். அருவிக்குப் போனால் வழுக்கும் பாறையில் ஏறி நிற்க வேண்டாம், மேலே மழை பெய்தால் கீழே தண்ணீர் சட்டென்று ஏறும். இதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த ரகசியத்தையும் விட்டுவிடுங்கள். எங்கே போகிறோம் என்று தெரியாதவர் எந்தச் செருப்போடு வருவார்? கடைசி நேரத்தில் வாங்கிய புது ஷூ முதல் நாளே குதிகாலில் கொப்புளம் போடும். 2 வாரமாவது போட்டு நடந்து பழகிய ஷூ வேண்டும். இப்போதே சொன்னால், இருவரும் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் சேர்ந்து நடக்கலாம். அந்த நடையில்கூட நீங்கள் பின்னால்தான்.

பிள்ளைகள் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ‘அம்மா பார்த்துக்கொள்வார்.’ அம்மாவிடம் கேட்டது யார், நீங்களா, உங்கள் மனைவியா? பிள்ளைகளின் துணிமணி, மருந்து, பள்ளிக்கூட வேலை எல்லாவற்றையும் எழுதி எடுத்துவைக்கப்போவது யார்? வயதானவருக்கு 4 நாள் 2 பிள்ளைகளைப் பார்ப்பது லேசான வேலை இல்லை. பேரப்பிள்ளைகள் மேல் இருக்கும் பிரியத்தில் சரி என்கிறார்கள். அந்தச் சரியை நம் உரிமையாக எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. அவர் பெற்ற பிள்ளை நீங்கள். நீங்கள் போய் உட்கார்ந்து, முடியுமா என்று கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் ஏற்பாடு செய்யுங்கள். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் பேசுவதும் உங்கள் வேலை. இல்லாவிட்டால் உங்கள் மனைவி மலையில் உட்கார்ந்துகொண்டு வீட்டை நடத்திக்கொண்டிருப்பார். கிளம்பும் முந்தின நாள் நடுராத்திரிவரை வேலை செய்து எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு வருகிறவருக்கு முதல் நாள் படகும் குதிரையும் எதற்கு? இறங்கிய அன்று ஒன்றும் வைக்காதீர்கள். 3ஆம் நாள் முழுவதையும் உங்கள் மனைவியிடம் விட்டுவிடுங்கள்.

இன்று ராத்திரி அந்தத் திட்டத்தை ஒரு பேனாவோடு அவர் கையில் கொடுங்கள். வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். ‘உங்க இஷ்டம்’ என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். மறுநாள் மறுபடி கேளுங்கள், அதற்கு மறுநாளும் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் மருத்துவரிடம் போங்கள். மூச்சு வாங்குவதைச் சொல்லி, மலைக்குப் போவதையும் உயரத்தையும் சொல்லி, இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். மனைவியோடு நீங்களும் உள்ளே போங்கள். ‘ஒண்ணும் பெரிசா இல்ல டாக்டர்’ என்று உங்கள் மனைவி ஆரம்பித்தால், மாடிப்படியில் என்ன ஆகிறது என்று நீங்கள் சொல்லுங்கள்.